இல்லாத பேத்திக்கு வயசு நாலு

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஆவணி மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். காட்டுப்பாக்கத்தில் எங்கள் வீட்டில் நான் மட்டும் தனியாக உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டு இருந்தேன். யாரோ கேட்டைத் தட்டினார்கள். அன்றைக்கு நான் எழுந்து போகாமல் இருந்திருந்தால் இதை எழுத வேண்டியே வந்திருக்காது.

நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். தமிழ் படிப்பேன், எழுத்துக் கூட்டி எழுதுவேன். ஆனால் புது ஆள் முன்னால் வாய் வராது. ரேஷன் கடையில்கூட எனக்கு முன்னால் நிற்பவர் என்ன வாங்கினாரோ அதையே வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். இதை எழுதச் சொன்னது என் மருமகள்தான். "பேர் போடாம எழுதுங்க அத்தை, நாலு பேருக்கு உபயோகமா இருக்கும்" என்றாள். இரண்டு தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். இது மூணாவது.

என் வீட்டுக்காரர் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ரிட்டயர் ஆனதும் இங்கே சின்னதாக ஒரு வீடு கட்டினோம். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே பையன், வேன் ஓட்டுகிறான். மருமகள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. கல்யாணமாகி அப்போது ஏழு வருஷம். குழந்தை இல்லை.

பார்க்காத வைத்தியம் இல்லை. கடைசியாக ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், கருவை வெளியே வளர்த்து உள்ளே வைக்கிற வைத்தியம்தான் சரி என்று சொன்னார்கள். அது எங்கள் கைக்கு எட்டாத காரியம். அந்தச் சமயம் மருமகளின் கம்பெனியில் புதுசாக ஒரு இன்சூரன்ஸ் கார்டு கொடுத்தார்கள். அதில் இந்த வைத்தியத்துக்கும் பணம் உண்டாம். அவள் அந்த கார்டைக் கொண்டுவந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இன்சூரன்ஸ் என்றால் ஆள் செத்தால் வருகிற பணம் என்றுதான் எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் போனபோது அப்படித்தான் வந்தது. பிறக்கிறதுக்கு எப்படி இன்சூரன்ஸ்? பையனிடம் கேட்டேன்.

"அது வேற, இது வேறம்மா. ஆஸ்பத்திரிக்காரன் பேப்பர் அனுப்புவான். இன்சூரன்ஸ்காரன் பாத்துட்டு சரின்னு சொல்லணும். அப்புறம்தான் ஊசி ஆரம்பிப்பாங்க."

"சரின்னு சொல்லலைன்னா?"

"நல்ல வார்த்தை பேசு" என்றான்.

மருமகள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டாள். "இந்த ட்ரீட்மென்ட் விஷயம் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க அத்தை. நிலைச்சப்புறம் சொல்லிக்கலாம்." நான் சாமி சத்தியமாகச் சரி என்றேன்.

இப்போது ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது.

மாங்காடு அம்மன் கோயிலுக்கு ஆறு வாரம் எலுமிச்சம்பழம் எடுத்துக்கொண்டு போனால் நினைத்தது நடக்கும் என்பார்கள். நான் ஆறு வாரம் முடித்து, மறுபடி ஆறு வாரம், மறுபடி ஆறு வாரம் என்று போய்க்கொண்டே இருந்தேன். வரிசையில் நிற்கும்போது பெண்கள் சும்மா இருக்க மாட்டார்கள். பல வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், இடுப்பில் பேரனை வைத்திருந்த ஒரு அம்மா கேட்டாள். "இன்னாக்கா, பேரப்புள்ளைங்க எத்தினி?"

"இன்னும் இல்லைம்மா" என்றேன்.

"கண்ணாலம் ஆயி எத்தினி வருசம் ஆவுது?"

"மூணு."

அவள் என் பக்கமாக இருந்த இடுப்பிலிருந்து குழந்தையைத் தூக்கி அந்தப் பக்கத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். முந்தானையால் அதன் முகத்தையும் மூடினாள். என் கண் பட்டுவிடுமாம். கையில் எலுமிச்சம்பழத்தோடு நான் கல்லு மாதிரி நின்றேன்.

அடுத்த வாரம் வேறொருத்தி கேட்டாள். என் வாய் தானாகச் சொன்னது: "ஒண்ணு. பொம்பளப்புள்ள. மருமவளோட அம்மா ஊட்டுல வளருது."

அவ்வளவுதான். அவள் சிரித்தாள், தன் பேத்தியைப் பற்றிச் சொன்னாள், பிரசாதத்தில் பாதி கொடுத்தாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அதற்கப்புறம் தெரியாதவர்கள் யார் கேட்டாலும் இதே பதில்தான். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில், ஷேர் ஆட்டோவில், ஆஸ்பத்திரி பெஞ்சில். முதலில் கைக்குழந்தையாக இருந்தாள். அப்புறம் தவழ்ந்தாள். அப்புறம் பள்ளிக்கூடம் போனாள். வருஷா வருஷம் வயசு கூட்டிக்கொண்டே வந்தேன். பேர்கூட வைத்திருந்தேன், அதை இங்கே எழுத மாட்டேன். ஒரு தடவை கோயில் வாசலில் கூட வந்த ஒருத்தி, "பேத்திக்கு ஒரு ஜோடி வாங்குங்கக்கா" என்று விடாமல் சொன்னதால், சின்னதாகப் பச்சைக் கண்ணாடி வளையல் நாலு வாங்கினேன். பெட்டியில் புடவைகளுக்கு அடியில் பத்திரமாக வைத்தேன். வீட்டில் யாருக்கும் தெரியாது.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

கேட்டில் ஒரு ஆள் நின்றார். நாற்பது வயசு இருக்கும், தோளில் பை, கழுத்தில் அட்டை. "இன்சூரன்ஸ்லேர்ந்து வர்றேன்மா. சும்மா ஒரு விசாரணைதான்" என்றார்.

நான் என் வீட்டுக்காரர் பணம் சம்பந்தமாக என்று நினைத்தேன். "அவர் போய்ட்டாரே, எல்லாம் அப்பவே முடிஞ்சுதே" என்றேன். அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மருமகள் பேரைச் சொல்லி, "இவங்க இருக்காங்களா?" என்றார். வேலைக்குப் போயிருக்கிறாள் என்றேன். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். வாசற்படியில் உட்கார்ந்து பேப்பரை எடுத்தார்.

"எத்தனை பேர்மா வீட்டுல?"

"மூணு பேர்."

"கல்யாணம் ஆகி எத்தனை வருஷம்?"

"ஏழு."

"குழந்தைங்க?"

வைத்தியம் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. வரிசையில் கேட்கிற அதே கேள்வி. தெரியாத ஆள். மருமகளிடம் சத்தியம் பண்ணியிருக்கிறேன். என் வாய் பழக்கப்பட்ட வழியிலேயே போய்விட்டது.

"ஒண்ணுங்க. பொம்பளப்புள்ள, நாலு வயசு. மருமவளோட அம்மா ஊட்டுல வளருது."

அவர் எழுதுகிறதை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். "ஒரு பொம்மை, செருப்புகூட காணுமேம்மா?"

பொய் என்று கண்டுபிடித்துவிடுவாரோ என்று எனக்குப் படபடப்பாகிவிட்டது. உள்ளே போய் அந்தப் பச்சை வளையலை எடுத்துவந்து காட்டினேன். அவர் என் உள்ளங்கையை நீட்டச் சொல்லி, செல்போனில் போட்டோ பிடித்துக்கொண்டார். இங்கிலீஷில் எழுதிய பேப்பரில் கையெழுத்து கேட்டார். என் பேரைத் தமிழில் போட்டேன். போகும்போது, "நல்ல வேளை, உண்மைய சொன்னீங்கம்மா" என்றார். அது எனக்கு விளங்கவே இல்லை. வளையலை உள்ளே வைத்துவிட்டுக் கீரையை உருவப் போனேன். சாயங்காலம் மகனும் மருமகளும் வந்தபோது சொல்லவும் இல்லை. சொன்னால் என்ன கேட்டார், நீ என்ன சொன்னாய் என்று வருமே.

ஒரு வாரம் கழித்து மருமகள் ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டாள். முகம் செத்துப்போயிருந்தது. செல்போனைப் பையனிடம் நீட்டினாள். அவன் படித்துவிட்டு, "இன்னாடி இது, வேற யாரோட பேப்பரோ மாறி வந்துருக்கு" என்றான்.

"என் பேர்தான் இருக்கு. உங்க பேர்தான் இருக்கு. உயிரோடு ஒரு குழந்தை இருக்கிறதால இந்த வைத்தியத்துக்குப் பணம் கிடையாதுன்னு எழுதியிருக்கு. பெண் குழந்தை, நாலு வயசு." அவள் குரல் இறங்கிவிட்டது. "யாரோட குழந்தை அது?"

"என்னைக் கேட்டா?"

"உங்களைத்தான் கேக்கணும். எனக்குப் பொறக்கலைன்னு எனக்குத் தெரியும்."

நான் அடுப்படியில் நின்றிருந்தேன். நாலு வயசு, பெண் குழந்தை என்று காதில் விழுந்ததும் கார்டு, ஆஸ்பத்திரி, பை வைத்திருந்த ஆள், எல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

மூணு நாள் அப்படியே போனது. அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பையன் வேன் ஓட்டுவதை நிறுத்திவிட்டு இதற்காக அலைந்தான். இன்சூரன்ஸுக்குப் போன் போட்டால் பட்டனை அமுக்கு, காத்திரு என்கிறதாம். கடைசியில் பேசின ஆள், குழந்தை இல்லை என்பதற்கு அத்தாட்சி கொண்டுவா என்றானாம். கிராம அலுவலகத்துக்குப் போனால் அங்கே இருந்தவர் சிரித்தாராம். "பொறந்த புள்ளைக்கு சர்டிபிகேட் தரலாம் தம்பி, பொறக்காத புள்ளைக்கு நான் எங்க போறது?" இதைப் பையன் வந்து சொன்னான். இருக்கிறதை இருக்கிறது என்று காட்டலாம். இல்லாததை எப்படிக் காட்டுவது?

இதில் நாள் கணக்கு வேறு. மாசா மாசம் வருகிற அந்த நாளை வைத்துத்தான் ஊசி ஆரம்பிப்பார்களாம். மருமகளுக்கு அந்த நாள் வந்து, போயும்விட்டது. வயசு ஏறுகிறது, தள்ளாதீர்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்கள். பதினைந்து நாளுக்குள் மறுபடி எழுதிக் கேட்காவிட்டால் அந்த பேப்பர் மூடியே போய்விடுமாம்.

மூணாம் நாள் காலையில் மருமகள் பாத்திரம் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள். "அத்தை, கல்யாணத்துக்கு முன்னாடி உங்க பையனுக்கு யாருகூடவாவது பழக்கம் இருந்துச்சா? எதுவானாலும் சொல்லுங்க, நான் தாங்கிப்பேன்."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. உள்ளே போய் வளையலை எடுத்துவந்து அவள் ஈரக்கையில் வைத்தேன். "அவன் இல்லம்மா. நான்தான்" என்றேன். கோயில் வரிசையிலிருந்து ஆரம்பித்து எல்லாம் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை, முன்னுக்குப் பின்னாகத்தான் சொல்லியிருப்பேன்.

அவள் வளையலையே பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நாலு வருஷமா எங்க அம்மாவா வளர்க்குறாங்க?" என்றாள்.

"ஆமா."

"எங்க அம்மாவுக்கு ஒரு போன் பண்ணி சொல்லிடணும். பாவம், அவங்களுக்குத் தெரியவே தெரியாது." சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. "என்னை யாராவது கேட்டா நான் இல்லைன்னுதான் அத்தை சொல்லுவேன். ஆபீஸ்ல, பஸ்ல, எல்லாரும் கேப்பாங்க. இல்லைன்னு சொல்லிட்டு வேலையைப் பாப்பேன். உங்களுக்கு ஏன் முடியலை?"

அவளுக்காகத்தான் பொய் சொன்னேன் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு அது வேண்டியிருக்கவே இல்லையே. அப்படியென்றால் யாருக்காகச் சொன்னேன்? அவளே, "யார்கிட்டயும் மூச்சு விடாதீங்கன்னு சொன்னதும் நான்தானே" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் மூணு பேரும் வானகரம் பைபாஸ் பக்கத்தில் இருக்கும் அந்த இன்சூரன்ஸ் ஆபீஸுக்குப் போனோம். கண்ணாடிக் கட்டடம். டோக்கன் வாங்கி உட்கார்ந்தோம். பையன் என்னோடு பேசவில்லை. ஆனால் படி ஏறும்போது கையைப் பிடித்துக்கொண்டான்.

மேஜைக்குப் பின்னால் ஒரு இளவயசுப் பெண் இருந்தாள். பையன் சொல்ல வாயெடுத்தான். அவள் தடுத்தாள். "ஸ்டேட்மென்ட் குடுத்தது பெரியம்மாதானே, அவங்களே சொல்லட்டும்."

நான் தரையைப் பார்த்துச் சொன்னேன். அவளுக்குக் கேட்கவில்லை. "கொஞ்சம் சத்தமா சொல்லுங்கம்மா."

"பேத்தி இல்லீங்க."

நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. பின்னால் உட்கார்ந்திருந்தவர்களின் பேச்சு நின்றுபோனது.

அவள் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினாள். என் உள்ளங்கை, அதில் நாலு பச்சை வளையல், பெரிசாகத் தெரிந்தது. "அப்ப இது யாருதுமா?"

"யாருதும் இல்லீங்க."

அவள் என்னைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். எழுந்து உள்ளே போய், பை வைத்திருந்த அதே ஆளைக் கூட்டிவந்தாள். அவரைப் பார்த்ததும் எனக்குக் கும்பிடத் தோன்றியது, கும்பிட்டேன். அவர் பதறிப்போய், "நீங்க சொன்னதைத்தானேம்மா நான் எழுதினேன்" என்றார். ஆமாம், உங்கள் மேல் தப்பில்லை என்றேன். மறுபடி முதலிலிருந்து சொன்னேன், இடுப்பு மாற்றி வைத்த அந்த அம்மா வரைக்கும்.

அவர் தலையைச் சொறிந்துகொண்டு அந்தப் பெண்ணிடம் சொன்னார். "இருக்கிற புள்ளையை மறைக்கிறவங்களைப் பாத்திருக்கேன் மேடம். பக்கத்து ஊட்டுல கொண்டுபோய் விட்டுட்டு இல்லைன்னு சாதிப்பாங்க. இல்லாத புள்ளையை இருக்குன்னு சொல்லி காரியத்தைக் கெடுத்துக்கிட்ட வீடு இதுதான்." அப்புறம் என்னிடம், "கேள்வி எதுக்குன்னு நான் முதல்லயே சொல்லியிருக்கணும். சொல்லக் கூடாதுன்னு எங்களுக்குக் கட்டளைம்மா" என்றார்.

எழுத்தில் கொடுத்தால் மேலே அனுப்புகிறேன் என்றாள் அந்தப் பெண். பையன் எழுதப் பேனாவை எடுத்தான். மகனோ மருமகளோ எழுதக் கூடாதாம், நான் எழுத வேண்டுமாம். தமிழிலேயே எழுதலாம் என்றாள்.

பள்ளிக்கூடத்தை விட்டபிறகு நான் ஒரு முழுக் கடுதாசி எழுதியதில்லை. ஐயா வணக்கம் என்று ஆரம்பித்தேன். என் மகனுக்கும் மருமகளுக்கும் குழந்தை இல்லை என்று எழுதினேன். அது சுலபமாக வந்தது. அடுத்த வரி, எனக்குப் பேத்தி இல்லை. அதில் கை நின்றுவிட்டது. கண் கலங்கி எழுத்து தெரியவில்லை. எனக்கே ஆச்சரியம், எனக்கே குழப்பம். இல்லாத ஒருத்திக்காக ஏன் அழுகை வர வேண்டும்? தவழ்ந்தாள், பள்ளிக்கூடம் போனாள் என்று நான்தானே சொன்னேன். அவளை என் கையாலேயே துடைத்து அழிக்கிற மாதிரி இருந்தது. மருமகள் குனிந்து, "மெதுவா எழுதுங்க அத்தை, அவசரமில்ல" என்று பேப்பர் நகராமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். எழுதி முடித்தேன். நான் சொன்னது பொய் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அதோடு முடியவில்லை. ரேஷன் கார்டு நகல், முத்திரைத்தாளில் உறுதிமொழி, டாக்டரம்மா கடிதம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். ஏன் கேட்கிறார்கள், எது போதும், எது போதாது, எனக்கு இன்றைக்கும் புரியாது. ஒருநாள் கிடைத்துவிடும் என்பார்கள், மறுநாள் பார்க்கலாம் என்பார்கள். ஐப்பசி பிறந்த பிறகுதான் சரி என்று பதில் வந்தது. இரண்டு தடவை வைத்தியத்துக்கு அனுமதி.

முதல் தடவை நிலைக்கவில்லை. அன்றைக்கு மருமகள் வீட்டுக்கு வந்து சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். என் பொய்யால் தள்ளிப்போன அந்த மாசங்கள் இல்லாமல் இருந்திருந்தால் நிலைத்திருக்குமோ என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். அதை யாராலும் சொல்ல முடியாதும்மா என்றார்கள். அந்தக் கேள்வி இன்னும் என்னோடு இருக்கிறது. மருமகள் ஒரு நாளும் அதைக் கேட்டதில்லை. உடம்பு தேற, அப்புறம் வேறு சிகிச்சை என்று நாள் போய்விட்டது. இரண்டாவது தடவை வருகிற மாசம். வளையல் இப்போது அவள் பீரோவில் இருக்கிறது. தூக்கிப் போடவும் இல்லை, என்னிடம் திருப்பித் தரவும் இல்லை.

போன வாரம் மாங்காட்டு வரிசையில் நின்றிருந்தேன். மடியில் எலுமிச்சம்பழம். முன்னால் நின்ற அம்மா திரும்பி, "பேரப்புள்ளைங்க எத்தினிக்கா?" என்றாள். அவள் தோளில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டு இருந்தது.

"இல்லம்மா" என்றேன்.

அவள் குழந்தையை மாற்றிப் பிடித்தாளா என்று நான் பார்க்கவில்லை, சன்னிதியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பொய்யாக ஒருத்தியை வைத்துக்கொண்டு அத்தனை வருஷம் எலுமிச்சம்பழம் கொண்டுபோன நான், எனக்குப் பேத்தி இல்லை என்று என் கையால் எழுதிக் கொடுத்த பிறகுதான், ஒருத்தி வரட்டும் என்று உண்மையாகவே கேட்க ஆரம்பித்திருக்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது.